எழுப்பிவிட ஓர் ஆள்

சித்திரைக் கடைசியில் மதுரையில் இரவு எட்டு மணிக்கு மேல் வீட்டுக்குள் இருக்க முடியாது. பகலெல்லாம் வெயில் வாங்கிய காங்கிரீட் தளம் அந்த நேரம் பார்த்துத்தான் சூட்டைக் கீழே இறக்கும். பாயும் தலையணையுமாக மொட்டைமாடிக்குப் போனால் அங்கேயும் புழுக்கம். வேப்பமரத்தில் ஓர் இலை ஆடாது. மேற்கே நாகமலைக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருக்கும். "கொடைக்கானல்ல மழை போல" என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ சில்லென்று ஒரு காற்று முகத்தில் வந்து படும். கூடவே மண்வாசனை. தெருவே "அப்பாடா" என்று வெளியில் வந்து நிற்கும். பிள்ளைகள் கையை விரித்துக்கொண்டு மாடியில் ஓடுவார்கள்.

அந்தச் சில்லென்ற காற்றுதான் முன்னறிவிப்பு. அதற்குப் பின்னால் வருவது சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிடும். தகரம் பறப்பதும், கொடிக்கம்பி அறுவதும், கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த பலகை தெருவில் விழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்குள்தான். ஆபத்து முதலில் தொடும்போது சுகமாகத் தொடுகிறது. மாடியில் ஓடும் பிள்ளைகளை "கீழ இறங்குங்க" என்று கூப்பிட எந்தத் தாய்க்கு மனசு வரும்? பகல் முழுக்க வெந்து கிடந்த பிள்ளைகள் அல்லவா.

*

வங்கக் கடலிலிருந்து ராமநாதபுரம் கடற்கரை வழியாக உள்ளே நுழையும் ஈரக்காற்று, மாலையாகும்போது மதுரைப் பக்கம் வந்து சேரும். காய்ந்து கிடக்கும் நிலத்தின் சூடும், மேற்கே நிற்கும் மலைகளும் அதை மேலே தூக்கிவிடும். சிறுமலை, கொடைக்கானல், வருசநாடு என்று வரிசையாக மேகம் எழும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டி வளரும். உள்ளே திரளும் மழைத்துளியும் ஆலங்கட்டியும் கீழே விழும்போது சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வழியில் பல துளிகள் ஆவியாகி, அந்தக் காற்றை இன்னும் குளிர வைக்கும். குளிர்ந்த காற்றுக்குக் கனம் அதிகம். அது தரையில் மோதி நாலா பக்கமும் சிதறி ஓடும்போது வருவதைத்தான் செய்தித்தாள்கள் சூறைக்காற்று என்று எழுதுகின்றன.

பகலில் இது வந்தால் கண்ணுக்குத் தெரியும். மேற்கே வானம் கருக்கிட்டு, அதற்குக் கீழே புழுதிச் சுவர் ஒன்று எழுந்து வரும். ஆடு மேய்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ராத்திரியில் புழுதியும் தெரியாது, மேகத்தின் அடிவயிறும் தெரியாது. மின்னல் இருக்கிறது, ஆனால் கோடை முழுக்கத்தான் மின்னுகிறது. எந்த மின்னல் நமக்கானது என்று இருட்டில் யாரால் சொல்ல முடியும்?

*

அமெரிக்காவின் நடுப்பகுதியில் வருவதுபோல, மேகத்திலிருந்து தும்பிக்கை இறங்கித் தரையைத் துழாவும் டொர்னேடோ என்ற சுழற்காற்று நம் சமவெளிக்குப் பழக்கமில்லாதது. இந்தியத் துணைக்கண்டத்தில் அது வங்காளம், ஒடிசா, வங்கதேசம் பக்கத்து ஆபத்து. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாத்துரியா ஊர்களை அழித்த சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் இறந்தார்கள். உலகத்தில் அறியப்பட்ட சுழற்காற்றுச் சாவுகளில் அதுதான் மிகப் பெரிது.

ஆனால் நம் சூறைக்காற்று போல நேராக அடிக்கும் காற்றுக்கும் சுழற்காற்றுக்கும் உள்ள வேறுபாடு விழுந்த மரத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பது என்னை ஈர்த்த செய்தி. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் வானிலை அறிஞர் டெட் ஃபுஜிட்டா. 1945-ல் அணுகுண்டு விழுந்த நாகசாகியைப் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர். வெடித்த இடத்துக்கு நேர் கீழிருந்து மரங்கள் வெளிப்பக்கமாக, நட்சத்திரக் கதிர்போல் சாய்ந்து கிடந்ததை அவர் மனதில் வைத்திருந்தார். பின்னாளில் சிகாகோவில் பேராசிரியராக இருந்தபோது, 1974 ஏப்ரலில் வந்த பெரும் சுழற்காற்றுக் கூட்டம் அழித்த காடுகளை விமானத்திலிருந்து பார்த்தார். சில இடங்களில் மரங்கள் முறுக்கிக்கொண்டு விழாமல், நாகசாகியில் பார்த்த அதே கதிர்வடிவில் கிடந்தன. மேலிருந்து ஏதோ ஒன்று தரையில் வந்து மோதியிருக்கிறது. மறு ஆண்டு நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் ஒன்று இடிமழையில் விழுந்தபோது, அதே இறங்குகாற்றுதான் காரணம் என்று அவர் சொன்னார். முதலில் பலர் நம்பவில்லை.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், சூறைக்காற்றுக்கு மறுநாள் காலையில் நின்றிருக்கிறேன். விழுந்த மரமெல்லாம் கிழக்கே தலைவைத்துக் கிடந்தது. தோப்பின் ஓரத்துக்குப் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திசை விலகி, விசிறி விரிந்தது போல ஆனது. வேரோடு வந்த மரங்களின் அடியில் செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது. இளநீர்க் குலைகள் சிதறிக் கிடந்தன. தோப்புக்காரர் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டு வயசு சொல்லிக்கொண்டு வந்தார். அவர் மகளின் வயசு ஒரு மரத்துக்கு.

*

இரவில் வரும் சுழற்காற்றைப் பற்றி அமெரிக்காவில் வாக்கர் ஆஷ்லியும் கூட்டாளிகளும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1950 முதல் 2005 வரையிலான கணக்கு. மொத்தச் சுழற்காற்றுகளில் இரவில் வந்தவை 27 சதவீதம்தான். சாவுகளில் 39 சதவீதம் அந்த இரவுகளில் நடந்தவை. பகலில் வருவதைவிட இரவில் வரும் சுழற்காற்று ஆளைக் கொல்ல இரண்டரை மடங்கு வாய்ப்பு. ராத்திரிக் காற்றுக்கென்று தனி வேகம் கிடையாது. மனிதர்கள் படுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தொலைக்காட்சி அணைந்திருக்கிறது. செல்போன் மௌனத்தில் இருக்கிறது.

2020 மார்ச் 3, பின்னிரவு இரண்டு மணிக்குச் சற்று முன்னால் டென்னசி மாநிலத்தின் குக்வில் ஊர்ப் பக்கம் வந்த சுழற்காற்று 19 பேரைக் கொன்றது. அங்கே வானிலை வானொலி என்று ஒரு பெட்டி உண்டு. பேட்டரியில் ஓடும், எச்சரிக்கை வந்தால் தானாகவே அலறி எழுப்பும். தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். செல்வமும் ரேடாரும் நிறைந்த நாட்டில்கூடக் கடைசியில் கேள்வி இதுதான்: தூங்குகிறவரை எழுப்புவது எது?

நம் நாட்டில் 2018 மே 2-ம் தேதி ராத்திரி. ராஜஸ்தானின் பரத்பூர், தோல்பூர், ஆல்வார், உத்தரப்பிரதேசத்தின் ஆக்ரா. புழுதிப்புயலும் இடிமழையும் சேர்ந்து அடித்ததில் அந்த ஒரே இரவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். பலரும் தூக்கத்தில், தங்கள் வீட்டுச் சுவரும் கூரையும் தங்கள் மேலேயே விழுந்து.

மேட்டுப்பாளையம் அருகே நடூரையும் இதே வரிசையில் வைத்துத்தான் நினைக்கிறேன். 2019 டிசம்பர் 2, விடியற்காலை. தொடர்மழையில் ஊறிய உயரமான கருங்கல் மதில் ஒன்று, அதை ஒட்டியிருந்த தலித் மக்களின் ஓட்டு வீடுகள் மேல் சாய்ந்தது. 17 பேர். பெண்களும் குழந்தைகளும் அதிகம். காற்று, மழை, மதில் என்று பெயர் மாறுகிறது. பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்பது மாறவில்லை. பகல் பதினொரு மணிக்கு அந்த மதில் விழுந்திருந்தால் எத்தனை பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், எத்தனை குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. கணக்குப் போட்டு என்ன. பகலானாலும் அந்த மதிலை அங்கே அப்படி நிற்க விட்டிருக்கக் கூடாது.

*

தனுஷ்கோடியைப் பற்றி மதுரைக்காரர்கள் பேசும்போது குரல் தாழ்த்துவார்கள். ராமேஸ்வரம் போகும் பாதை மதுரைக் கோட்ட ரயில்வேயில்தான் வருகிறது. 1964 டிசம்பர் 22, புயல் அடித்த நள்ளிரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் எண் பயணிகள் வண்டி, தனுஷ்கோடி நிலையத்துக்குக் கொஞ்ச தூரம் முன்னால் சிக்னல் விளக்கு எரியாததால் நின்றது. வெளியே இருட்டு, மழை, காற்று. ஓட்டுநர் விசிலை நீளமாக ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார். கடல் எழுந்து வந்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊரும் மிஞ்சவில்லை.

அந்த விசிலை நான் அடிக்கடி நினைக்கிறேன். வழியில் யாராவது இருந்தால் விலகட்டும், நிலையத்தில் யாராவது விழித்திருந்தால் பதில் சொல்லட்டும் என்றுதானே ஓர் ஓட்டுநர் ஊதுவார். பதில் சொல்ல அந்தப் பக்கம் விளக்கு இல்லை, தந்திக் கம்பி இல்லை. வண்டி போன செய்தியே வெளியே வந்து சேரத் தாமதமாயிற்று.

54 ஆண்டு கழித்துக் கஜா புயல். 2018 நவம்பர் 16, நள்ளிரவு பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. இந்த முறை விளக்கு இருந்தது. முந்தின நாள் மாலைக்குள் ஏறத்தாழ 80 ஆயிரம் பேரை முகாம்களுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அப்படியும் தமிழ்நாட்டில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தனுஷ்கோடியோடு ஒப்பிட்டால் அந்த ஒரு மாலையின் வேலை எத்தனை பேரை மிச்சம் வைத்தது என்று தெரியும்.

கஜா கடற்கரையில் நிற்கவில்லை. தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகளைச் சாய்த்துக்கொண்டு உள்ளே உள்ளே வந்து, அன்றைக்கே திண்டுக்கல் பக்கம் கடந்து மலை ஏறிக் கேரளம் போனது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தலைமுறைத் தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. விழுந்த ஒரு மரத்துக்கு, அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு இழப்பீடு கணக்கிட்டது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் போய் வாரக்கணக்கில் நட்டார்கள். கடல் கண்டிராத உள்நாட்டு ஊர்க்காரர்களுக்குப் புயல் என்றால் கடற்கரைக்காரர்களின் பாடு என்றுதான் அதுவரை நினைப்பு. விடிந்தும் விடியாத நேரத்தில் அவர்களைத் தேடி வந்தது.

*

சோழவந்தான் பக்கம் வாழைக்காரர்களும் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களும் கோடை முழுக்கப் பாதித் தூக்கம்தான் தூங்குவார்கள். குலை தள்ளிய வாழைக்குத் தலைக்கனம். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகக் காற்றே அதை ஒடித்துப் போடும். அதனால் குலை சாயும் பக்கம் சவுக்குக் கம்பை முட்டுக் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டுகிறார்கள். ஒரு கம்பு என்ன விலை, ஒரு குலை என்ன விலைக்குப் போகும் என்ற கணக்கில், எல்லா மரத்துக்கும் முட்டுக் கொடுக்கச் சிறு விவசாயியால் முடியாது. எந்த மரத்தை விடுவது என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். வெற்றிலைக்காரர் பாடு வேறு. அகத்தியில் ஏறிய கொடி, அகத்தி சாய்ந்தால் சேர்ந்து சாயும். பிறகு ஒவ்வொரு கொடியாகத் தூக்கிக் கட்ட வேண்டும். பயிரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்திருந்தால்தான் அரசு நிவாரணம். கிராம நிர்வாக அலுவலர் வந்து எண்ணும்வரை விழுந்த மரத்தை வெட்டாமல் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் குலை பழுத்து வீணாகும்.

வீட்டுக் கூரைக்கு நம் ஊரில் காலங்காலமாகக் கல் வைப்பது வழக்கம். தகரத்தின் மேலும் ஆஸ்பெஸ்டாஸ் மேலும் கருங்கல், மணல் மூட்டை, பழைய டயர். சாதாரணக் காற்றுக்கு அது போதும். சூறைக்காற்றில் தகரம் எழும்பும்போது அந்தக் கல்லே உருண்டு உள்ளே படுத்திருப்பவர் மேல் விழும். தகரத்தைச் சட்டத்தோடு ஜே போல்ட் போட்டு முடுக்கி, சட்டத்தைச் சுவரோடும் தூணோடும் கம்பியால் இழுத்துக் கட்டினால் கல்லே வேண்டாம். செலவு பெரிதில்லை. கூரை போடும்போது கொத்தனாரிடம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். வாடகை வீட்டுக்காரர்கள் யாரிடம் கேட்பார்கள் என்பது வேறு துயரம்.

மண்சுவர் வீடுகளைப் பற்றி இன்னும் ஒன்று. மழை பெய்யும்போது விழாத சுவர் வெயில் காயும்போது விழும். ஊறிய சுவர் ஒரு பக்கம் மட்டும் உலர்ந்து வெடிக்கும். மழை விட்டுவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கப் போகும் இரண்டாவது ராத்திரியைத்தான் பெரியவர்கள் பயந்தார்கள். "சொவத்தோரமா படுக்காத, நடுவுல பாயப் போடு" என்று சொல்லாத அப்பத்தா மதுரைச் சீமையில் இருந்திருக்க மாட்டார்.

*

மதுரைக்குத் தலபுராணமே மழையிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் தப்பிய கதைகளால் ஆனது. வருணன் ஏழு மேகங்களை ஏவி ஊரை அழிக்கப் பார்த்தபோது, சிவன் தன் சடையிலிருந்து நான்கு மேகங்களை விட்டு, அவை நான்கு மாடங்களாகி ஊருக்குக் குடை பிடித்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அது அரசன் வேண்டி, கடவுள் தந்த பாதுகாப்பு.

எனக்கு நெருக்கமானது இன்னொரு கதை. வைகை பெருகிக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அவரவர் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. புட்டு விற்றுப் பிழைக்கும் கிழவி வந்திக்கு அனுப்ப ஆள் இல்லை. அவளுக்காகத்தான் கூலியாளாக இறைவன் வந்தான் என்று ஆவணி மூலத்தில் புட்டுத்தோப்பில் இன்றைக்கும் விழா எடுக்கிறோம். கூட்டத்தில் நின்று பார்க்கும்போது எனக்கு அந்த உத்தரவுதான் உறுத்தும். வீட்டுக்கு ஓர் ஆள் என்பது நியாயமான சட்டம்தான். ஆள் இல்லாத வீட்டை அந்தச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. இன்றைக்கு எந்த ஊர்ப் பேரிடர்ப் பட்டியலை எடுத்தாலும் வந்திகள் இருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலோ சென்னையிலோ இருக்க, ஓட்டு வீட்டில் ஒற்றையாகப் படுத்திருக்கும் கிழவிகள். காது கேட்காது. போன் இருக்கிறது, ஆனால் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு மழை இரவில், பள்ளிக்கூடத்துக்கு வந்து படுக்கச் சொல்லி ஊர்ப் பையன்கள் அப்படியொரு பாட்டியைக் கூப்பிட்டதைக் கேட்டேன்.

"அப்பத்தா, காத்து பெருசா வருதாம். வாங்க போவம்."

"ஆட்ட எங்கயா விட்டுட்டு வர?"

"ஆட்டையும் புடிச்சிட்டு வாங்க, அப்பத்தா."

ஒரு பையன் ஆட்டையும் சேர்த்துச் சொன்ன அந்த வார்த்தைக்குத்தான் அவர் எழுந்து வந்தார். முகாம் நடத்துபவர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஓர் ஓரம் ஒதுக்கி வைத்தால் பாதி வாக்குவாதம் மிச்சமாகும்.

*

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிரம்பும் காலத்தில் கரையில் ராக்காவல் இருந்தது. கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பார். மறுகால் பாய்கிறதா, கரையில் எங்காவது கசிகிறதா, எலிவளை வழியாகத் தண்ணீர் நூல் விடுகிறதா என்று பார்ப்பார். உடைப்பு எடுக்கப் போகிறது என்று தெரிந்தால் ஊரை எழுப்ப வேண்டும். பறையடித்து எழுப்புவார்கள். வைக்கோலும் முள்ளும் மண்ணுமாக ஊரே ஓடும்.

இதை நினைத்து ஏங்குவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் காவலும் அந்தப் பறையும் யார் தலையில் இருந்தன? ஊர் தூங்கும்போது விழித்திருக்கும் கடமை ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் எழுப்ப ஊர் பிழைத்தது. அவர்கள் குடியிருப்போ பள்ளத்தில் இருந்தது. 2022 ஆகஸ்டில், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் ஒலிபெருக்கி வண்டி பகலில் வரும் வண்டி. ராத்திரி பதினொரு மணிக்கு மின்சாரம் போன தெருவில், மழையில், யார் வருவார்? ஒருவர் மேல் சுமத்தியிருந்த வேலையை எடுத்துவிட்டோம். அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

*

சித்திரைத் திருவிழாவை நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். அழகர் ஆற்றில் இறங்கும் முந்தின ராத்திரி, ஊர் ஊராக வந்த லட்சக்கணக்கான சனம் தல்லாகுளத்திலிருந்து வைகை மணல் வரைக்கும் திறந்தவெளியில் படுத்திருக்கும். மண்டகப்படிப் பந்தல்கள், தகர ஷெட்டுகள், ராட்டினங்கள், வழிநெடுக விளம்பரத் தட்டிகள். காலமோ கோடை இடிமழைக் காலம். முழுநிலவைப் பார்த்துக்கொண்டு குழந்தையை மடியில் போட்டுக் கண்ணயரும் அந்தப் பெண்களைப் பார்க்கும்போது நான் மேற்கே திரும்பி மின்னலைத் தேடுவேன். மாநகராட்சியும் காவல்துறையும் கூட்டத்துக்கும் நெரிசலுக்கும் செய்யும் ஏற்பாட்டில், காற்றுக்கென்று ஓர் அதிகாரி ராத்திரி முழுக்க ரேடார் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். பந்தல்காரர்களை முன்னதாகவே கூப்பிட்டு, கயிறு தளர்ந்த பந்தலைக் காற்றுக்கு முன்பே அவிழ்க்கச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி அங்கே ஏராளம். அழகர் பாட்டு ஓடும் அதே குழாயில் இதையும் சொல்லலாம்.

*

சென்னை நுங்கம்பாக்கத்து வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. மதுரை, திண்டுக்கல், தேனி என்று பெயர் வரும்; இடி, மின்னல், பலத்த காற்று என்று வரும். 2023-ல் மாநிலம் மாநிலமாகப் போன்களை அலற வைத்துச் சோதித்தார்களே, அந்த ஏற்பாடு நல்லது. போன் மௌனத்தில் இருந்தாலும் அலறும்படி செய்ய முடியும். ஆனால் மாவட்டம் பெரிது. மேலூரில் அடிக்கும் காற்று உசிலம்பட்டிக்குத் தெரியாது. அலறிய மூன்று தடவை ஒன்றும் வரவில்லை என்றால் நாலாவது தடவை மனுஷன் திரும்பிப் படுப்பான்.

வங்கதேசம் இதில் நமக்கு ஆசான். 1970 நவம்பர் 12 இரவில் வந்த போலா புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் இறந்த பிறகு, அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து ஊர் ஊராகத் தொண்டர்களைச் சேர்த்தார்கள். கொடி, கையொலிபெருக்கி, சைக்கிள். இன்று முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாதவர் என்று அவர்களுக்குத் தெரியும். செயற்கைக்கோளும் ரேடாரும் சொன்னதைக் கடைசியில் கொண்டு போய்ச் சேர்ப்பது தெரிந்த குரலில் ஒருவர் கதவைத் தட்டுவதுதான். பெண்கள் வந்து தட்டியதால்தான் பல வீடுகளில் பெண்கள் வெளியே வந்தார்கள்.

*

திருமங்கலம் பக்கம் மல்லி பறிக்கும் பெண்கள் பின்னிரவு இரண்டு, மூன்று மணிக்கே தோட்டத்தில் இறங்குகிறார்கள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, மொட்டு விரிவதற்குள் பறித்து, விடியும்போது மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும். கோடைதான் பூவுக்கும் உச்சம். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவர் எழுந்து இன்னொருவருக்குப் போன் போடுவார். போன் எடுக்காவிட்டால் போகிற வழியில் கதவைத் தட்டுவார். "எந்திரிச்சாச்சா?" என்று ஒரு தெருவே ஐந்து நிமிடத்தில் விழித்துவிடும்.

ஒரு சாயங்காலம் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, இதே ஆட்கள் காற்றுக்கும் எழுப்பலாமே என்று அவர்களில் மூத்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் யோசித்தார்.

"ரெண்டு மணிக்கின்னா நான் எழுப்பிருவேண்ணே. எட்டு மணிக்கே நாங்க படுத்துருவம்ல. சூறக்காத்து எட்டு, ஒம்பது, பத்துக்குத்தான வருது. அப்ப என்னைய யாரு எழுப்புறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அவருக்கே தோன்றிவிட்டது. கடைசி டிரிப் மினி பஸ் ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து நிற்கிறது. ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியைக் கழுவி, சாப்பிட்டு, படுக்கப் பதினொன்றாகும். டீக்கடைக்காரர் பத்துக்குத்தான் அடுப்பை அணைக்கிறார். இரண்டு மணியிலிருந்து தாங்கள் இருக்கிறோம். இடையில் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான் ஆள் தேட வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினார்.

ஓட்டுநரின் நம்பரை அன்றைக்கே வாங்கினார்கள். வானிலைச் செய்தி போனில் வந்தால் முதலில் அவர் பார்ப்பது, பார்த்தால் யார் யார் கதவைத் தட்டுவது என்று பேச்சு நீண்டது. ஊரில் தகரக் கூரை வீடு எது, மண்சுவர் எது, ஒற்றையாக இருக்கும் கிழவி யார் என்று கேட்டதற்கு, அந்த ஓட்டுநர் தெருவில் வண்டி திரும்பும் வரிசையிலேயே ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். மூத்தவர் நடுவில் மறித்து, அவர் விட்டுப்போன ஒரு வீட்டைச் சேர்த்தார்.